கஷ்ட காலத்தில் துதியும் விசுவாசமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நோய், வேலை இழப்பு, வீட்டில் ஒரு மரணம், தீராத கடன், வருஷக்கணக்காகப் பதில் வராத ஜெபம். இப்படிப்பட்ட நாட்களில் "துதியுங்கள், பெலன் வரும்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். சொன்னது உண்மைதான். ஆனால் எப்படி, ஏன், முடியாவிட்டால் என்ன செய்வது என்பதைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. அந்தக் கேள்விகள்தான் இங்கே இருக்கின்றன. குறிப்பிட்டிருக்கும் வேதபகுதிகளை முழு அதிகாரமாக எடுத்து வாசியுங்கள். ஒரு வசனத்தை மட்டும் பிய்த்து எடுத்தால் பாதி அர்த்தம் போய்விடும்.

துதிப்பது என்றால் என்ன? வலிக்கவில்லை என்று காட்டிக்கொள்வதா?

இல்லை. வலி வலிதான். தேவன் எப்படிப்பட்டவர் என்று வாயால் அறிக்கையிடுவது துதி. என் நிலைமை நன்றாக இருக்கிறது என்று சொல்வது வேறு விஷயம். இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்வதால்தான் பலருக்கும் கஷ்ட நேரத்தில் துதிப்பது பொய் சொல்வதுபோல் உறுத்துகிறது.

ஆபகூக் மூன்றாம் அதிகாரத்தைப் பாருங்கள். கல்தேயரின் (பாபிலோனியரின்) படை வரப்போகிறது என்று அந்தத் தீர்க்கதரிசிக்குத் தெரியும். அத்திமரம், திராட்சச்செடி, ஒலிவமரம், வயல், ஆட்டுமந்தை, தொழுவத்து மாடு என்று போகப்போகிற ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிப் பட்டியல் போடுகிறார். ஒரு விவசாயியின் மொத்த வாழ்க்கையே அந்த ஆறில் அடங்கிவிடும். அதற்கு முந்தின வசனத்தில், செய்தியைக் கேட்டதும் வயிறு கலங்கி, உதடு துடித்து, நின்ற இடத்திலேயே நடுங்கியதாகவும் எழுதுகிறார். அதற்கெல்லாம் பிறகுதான், "நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன்" என்கிறார். நடுக்கம் நின்ற பிறகு எழுதியதாகத் தெரியவில்லை. நடுங்கிக்கொண்டே எழுதியதுபோலத்தான் இருக்கிறது.

அழுதால், "ஏன் ஆண்டவரே" என்று கேட்டால், அது விசுவாசக் குறைவா?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே யாரிடமோ திட்டு வாங்கியவர்களாக இருப்பார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வேதாகமத்தின் பாட்டுப் புத்தகம் சங்கீதம். 150 சங்கீதங்களில் தனி மனிதரும் ஜனங்களும் முறையிடும் புலம்பல்களே மற்ற வகைகளைவிட அதிகம். 13ஆம் சங்கீதத்தில் ஆறே வசனங்கள். முதல் இரண்டு வசனங்களுக்குள் "எதுவரைக்கும்" என்ற கேள்வி நான்கு முறை வருகிறது. என்னை மறந்துவிட்டீரா, முகத்தை மறைத்துக்கொள்வீரா, என் மனதுக்குள் இப்படியே எத்தனை நாள் புழுங்குவது, என் எதிரி எத்தனை நாள் தலைநிமிர்ந்து நடப்பான் என்று தாவீது தேவனை நேருக்கு நேர் கேட்கிறார். இது இராகத் தலைவனிடம் ஒப்புவிக்கப்பட்ட பாட்டு. ஒரு மனிதரின் குமுறலை எல்லோரும் சேர்ந்து பாடியிருக்கிறார்கள். கடைசி வசனத்தில் "நான் கர்த்தரைப் பாடுவேன்" என்று வருகிறது. இரண்டுக்கும் இடையில் அவருடைய சூழ்நிலை மாறியதாக ஒரு வரிகூட இல்லை.

எல்லாப் புலம்பலும் அப்படித் துதியில் போய் முடிவதும் இல்லை. 88ஆம் சங்கீதம் நண்பர்கள் எல்லோரும் விலகிப்போய் இருளோடு முடிகிறது. "ஆனாலும் துதிப்பேன்" என்று ஒரு வார்த்தைகூடக் கடைசியில் இல்லை. அதையும் தேவன் தம்முடைய புத்தகத்தில் வைத்திருக்கிறார் என்பது எனக்குப் பெரிய ஆறுதல். எரேமியாவின் புலம்பல் ஐந்து அதிகாரங்கள். லாசருவின் கல்லறைக்கு முன்னால், இன்னும் சற்று நேரத்தில் அவனை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்திருந்தும், இயேசு கண்ணீர் விட்டார். சிலுவையில் அவர் சொன்ன "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்பது 22ஆம் சங்கீதத்தின் முதல் வரி.

நம்பிக்கை அற்றுப்போனவர் தேவனிடம் "ஏன்" என்று கேட்கவே மாட்டார். கேட்பதற்கு ஒருவர் இருக்கிறார் என்று நம்புகிறவர்தான் கேட்பார்.

துதித்தால் பிரச்சினை தீர்ந்துவிடுமா? பவுலும் சீலாவும் பாடினதும் சிறைக்கதவு திறந்ததே?

அப்போஸ்தலர் 16ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசித்தால் வேறு ஒன்று கண்ணில் படும். பிலிப்பி பட்டணத்தில் அவர்கள் இருவரையும் வஸ்திரங்களைக் கிழித்துக் கோல்களால் அடித்தார்கள். உட்காவலறையில் அடைத்துக் கால்களைத் தொழுமரத்தில் மாட்டினார்கள். நடுராத்திரியில் அவர்கள் ஜெபம்பண்ணிப் பாடினார்கள். பூமி அதிர்ந்த பிறகு, சிறைச்சாலைக்காரன் விசுவாசித்த பிறகுதான், "அவர்களுடைய காயங்களைக் கழுவினான்" என்று 33ஆம் வசனத்தில் வருகிறது. அப்படியென்றால் பாடின நேரத்தில் முதுகில் இரத்தம் காய்ந்துபோய், காயம் கழுவப்படாமல், காலை அசைக்கக்கூட முடியாமல் இருந்திருக்கிறார்கள். கதவு திறப்பதற்காகப் பாடினார்கள் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. இன்னொன்றும் கவனியுங்கள். கதவு திறந்ததும் அவர்கள் ஓடவே இல்லை.

துதி என்பது தேவனுடைய கையை முறுக்கி நமக்கு வேண்டியதை வாங்கும் வழி அல்ல. அப்படிப் போதிப்பது உண்மையிலேயே ஆபத்து. ஏனென்றால் நினைத்தது நடக்காதபோது, "நான் துதித்தது போதாதோ" என்று நொந்துகிடக்கிறவர்தான் இன்னும் நொந்துபோவார். அப்போஸ்தலர் 12ஆம் அதிகாரத்தில் யாக்கோபு பட்டயத்தால் கொலை செய்யப்படுகிறார், பேதுரு தேவதூதனால் விடுதலையாகிறார். ஒரே சபை, ஒரே அதிகாரம். யாக்கோபுக்கு விசுவாசம் குறைவு என்று யார் சொல்ல முடியும்? எபிரெயர் 11ஆம் அதிகாரமும் சிங்கத்தின் வாயை அடைத்தவர்களையும் வாளால் அறுப்புண்டவர்களையும் ஒரே விசுவாசப் பட்டியலில்தான் வைக்கிறது.

இன்னும் நமக்கு நெருக்கமான காலத்தில் ஒருவர். நாசி ஆட்சியை எதிர்த்த ஜெர்மன் போதகர் டீட்ரிக் போன்ஹோஃபர் 1943 ஏப்ரலில் கைதானார். 1944 டிசம்பரில், வருஷம் முடியப்போகிற நேரத்தில், பெர்லின் சிறையிலிருந்து தனக்கு நிச்சயிக்கப்பட்ட பெண்ணுக்கு ஒரு கடிதத்தோடு தேவனுடைய பாதுகாப்பைப் பற்றிய கவிதை ஒன்றை எழுதி அனுப்பினார். 1945 ஏப்ரல் 9 அன்று அவர் தூக்கிலிடப்பட்டார். அப்போது ஐரோப்பாவில் போர் முடிய ஏறக்குறைய ஒரு மாதம்தான் இருந்தது. அந்தக் கவிதை பாட்டாகி, ஜெர்மன் சபைகளில் இன்றும் பாடப்படுகிறது. அவர் காப்பாற்றப்படவில்லை. அதனால் அவருடைய துதி பொய்யாகிவிடவும் இல்லை.

அப்படியானால் துதிப்பதால் என்னதான் பலன்?

பார்வை எங்கே நிற்கிறது என்பது மாறுகிறது. பயம் ஒரு விஷயத்தையே திரும்பத் திரும்பக் காட்டும். மருத்துவ அறிக்கையின் அந்த ஒரு வரி, வங்கியிலிருந்து வந்த அந்த ஒரு குறுஞ்செய்தி. யூதாவின் ராஜா யோசபாத்துக்கு எதிராகப் பெரிய படை வந்தபோது அவர் செய்த ஜெபம் 2 நாளாகமம் 20ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. "நாங்கள் செய்யவேண்டியது இன்னதென்று எங்களுக்குத் தெரியவில்லை, ஆகையால் எங்கள் கண்கள் உம்மையே நோக்கிக்கொண்டிருக்கிறது" என்று முடிகிறது அந்த ஜெபம். ஒரு ராஜா எல்லா ஜனங்களுக்கும் முன்னால் "எனக்குத் தெரியவில்லை" என்கிறார்! பாடகர்களைப் படைக்கு முன்னால் நிறுத்தியது அதற்குப் பிறகுதான். முதலில் ஒப்புக்கொள்ளுதல், அப்புறம் பாட்டு.

உடலிலும் ஒரு வேலை நடக்கிறது. பதற்றத்தில் மூச்சு மேலோட்டமாகவும் வேகமாகவும் ஓடும். பாடும்போது ஒவ்வொரு அடியையும் நீட்டிப் பாட மூச்சை மெல்ல வெளியே விடவேண்டியிருக்கிறது. அப்படி மெதுவாக மூச்சு விடும்போது இதயத் துடிப்பும் நிதானப்படும். நம்மைப் படைத்தவருக்கு இது தெரியாதா என்ன? அதோடு, பாட்டாகக் கற்ற வார்த்தைகள் மனதில் ஆழமாகப் பதியும். பேச்சே குழறிப்போன முதியவர்கள்கூடச் சின்ன வயதில் பாடிய ஞானப்பாட்டை அடி தவறாமல் பாடுவது பல குடும்பங்களில் பார்க்கிற காட்சி. நல்ல நாட்களிலேயே பாட்டுகளை மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் வற்புறுத்திச் சொல்வது இதனால்தான்.

மனசே ஒட்டாமல் துதித்தால் அது மாய்மாலம் இல்லையா?

மனசில் ஒன்றை வைத்துக்கொண்டு, மனிதர் பார்க்க வேறு மாதிரி நடிப்பது மாய்மாலம். உணர்ச்சி வராதபோதும் உண்மையானதைச் சொல்வது கீழ்ப்படிதல். எபிரெயர் 13:15 இதை "ஸ்தோத்திரபலி" என்கிறது. பலி என்றாலே செலுத்துகிறவருக்கு ஏதோ செலவாகத்தானே வேண்டும்?

உணர்ச்சி இல்லை என்பதையும் சேர்த்தே அவரிடம் சொல்லலாம். "ஆண்டவரே, எனக்கு இப்போது எதுவுமே தோன்றவில்லை. ஆனாலும் நீர் நல்லவர்." இந்த இரண்டு வாக்கியங்களில் எதுவும் பொய் இல்லை. பிசாசு பிடித்த மகனோடு வந்த தகப்பன், "விசுவாசிக்கிறேன், என் அவிசுவாசம் நீங்க உதவிசெய்யும்" என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னான் (மாற்கு 9:24). "முதலில் முழு விசுவாசத்தோடு வா" என்று இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லை.

வாயைத் திறந்தாலே அழுகைதான் வருகிறது. என்ன செய்வது?

அழுங்கள். மருத்துவமனையில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே இருக்கிற இரும்பு நாற்காலியில், காலை மூன்று மணிக்கு, கையில் மருந்துச் சீட்டோடு உட்கார்ந்திருப்பவருக்கு நீண்ட ஜெபம் எங்கிருந்து வரும்? "இயேசுவே" என்ற ஒரு வார்த்தை போதும். அதுவும் வரவில்லையென்றால், வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு ஆவியானவர் தாமே நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்று ரோமர் 8:26 சொல்கிறது. நீங்கள் பாட முடியாத நாட்களில் உங்களுக்காக இன்னொருவர் பாடலாம். ஒரு நண்பரைக் கூப்பிட்டு, "எனக்கு இப்போது ஜெபிக்க வரவில்லை, நீ ஒரு சங்கீதம் வாசி, நான் கேட்கிறேன்" என்று சொல்லுங்கள். தயங்கவே வேண்டாம்.

புற்றுநோய் வந்ததற்கும் பிள்ளை இறந்ததற்கும் நன்றி சொல்ல வேண்டுமா?

தீமையை நன்மை என்று அழைக்கும்படி தேவன் யாரையும் கேட்கவில்லை. மரணத்தை வேதம் "சத்துரு" என்றே சொல்கிறது (1 கொரிந்தியர் 15:26). சத்துருவுக்கு நன்றி சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சூழ்நிலைக்குள்ளும் அவர் நம்மை விட்டுப் போகவில்லை என்பதற்காக நன்றி சொல்லலாம். உதவிக்கு வந்த ஒரு மனிதருக்காக, தூக்கம் வந்த ஒரு மணி நேரத்துக்காக, இறந்தவரோடு வாழக் கிடைத்த வருஷங்களுக்காக நன்றி சொல்லலாம். அதுவும் இன்றைக்கு முடியவில்லையா? சரி, விடுங்கள். பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த தாயிடம் போய் "ஸ்தோத்திரம் சொல்லுங்கள்" என்று நெருக்குவது கொடுமை.

துதிப்பது என்றால் அநியாயத்தைச் சகித்துக்கொண்டு சும்மா இருப்பதா?

இல்லவே இல்லை. மறுபடியும் பிலிப்பிக்கு வாருங்கள். இரவில் துதித்த அதே பவுல், காலையில் "போகலாம்" என்று அதிகாரிகள் சொல்லி அனுப்பியபோது போக மறுத்துவிட்டார். ரோமராகிய எங்களை விசாரணையில்லாமல் எல்லோருக்கும் முன்பாக அடித்தீர்கள், இப்போது இரகசியமாக அனுப்பப் பார்க்கிறீர்களா, அவர்களே வந்து எங்களை வெளியே கொண்டுவரட்டும் என்றார் (அப்போஸ்தலர் 16:37). அதிகாரிகள் பயந்துபோய் வந்து கெஞ்சினார்கள்.

வீட்டில் அடி வாங்கிக்கொண்டு இருப்பவரிடம், வேலையிடத்தில் ஏமாற்றப்படுகிறவரிடம், "பொறுமையாய் இருந்து துதி" என்று மட்டும் சொல்லி அனுப்புவது தவறு. பாதுகாப்பான இடத்துக்குப் போவதும், நம்பகமானவரிடம் சொல்வதும், சட்டத்தின் உதவியைத் தேடுவதும் விசுவாசத்துக்கு விரோதம் அல்ல. துதித்துக்கொண்டே புகார் கொடுக்கலாம்.

மனச்சோர்வுக்கு மருத்துவரிடம் போனால், மாத்திரை சாப்பிட்டால், விசுவாசம் இல்லை என்று அர்த்தமா?

எலியாவின் கதையைச் சொல்கிறேன். கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினி இறங்கியதைக் கண்ட மனிதர் அவர். உடனே அடுத்த அதிகாரத்தில் (1 இராஜாக்கள் 19) யேசபேல் ராணியின் மிரட்டலுக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடி, ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்கிறார். தேவன் கண்டிக்கவில்லை. துதிக்கச் சொல்லவும் இல்லை. தூங்கவிட்டார். ஒரு தூதன் வந்து தட்டி எழுப்பினான். தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார். இரண்டாம் முறையும் தூதன் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான், போகவேண்டிய தூரம் அதிகம் என்றான். சாப்பாடு, தூக்கம், மறுபடியும் சாப்பாடு. அதற்குப் பிறகுதான் ஓரேப் மலையில் தேவன் பேசிய அந்த மெல்லிய சத்தம். அப்புறம் கூட நடக்க எலிசா என்ற துணை.

எசேக்கியா ராஜா ஜெபித்துக் குணமானபோதும் பிளவையின்மேல் (கட்டியின்மேல்) அத்திப்பழ அடையை வைத்துக் கட்டச் சொன்னார் ஏசாயா. சுவிசேஷம் எழுதிய லூக்கா ஒரு வைத்தியர். சர்க்கரை நோய்க்கு மருந்து சாப்பிட வெட்கப்படாத நாம் மன நோய்க்கு மட்டும் ஏன் வெட்கப்பட வேண்டும்? போதகர் சொன்னார் என்பதற்காக மாத்திரையை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். அது மருத்துவரோடு பேசி எடுக்கவேண்டிய முடிவு.

செத்துப்போகலாம் என்ற எண்ணம் வந்தால், தனியாக இருந்து ஜெபித்துச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். உடனே பக்கத்தில் இருக்கும் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், அவசர உதவியை நாடுங்கள், யாராவது கூட இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். எலியாவைப்போல அதைத் தேவனிடமும் சொல்லுங்கள். அவர் அதிர்ச்சியடையமாட்டார்.

சபையில் எல்லோரும் கைதட்டிப் பாடும்போது எனக்கு எரிச்சலாக வருகிறது.

வரத்தான் செய்யும். கடைசி வரிசையில் உட்கார்ந்துகொள்ளுங்கள். பாடவேண்டாம், கேளுங்கள். உங்களைச் சுற்றிப் பாடுகிறவர்களில் பலர் உங்களைப் போலவே உடைந்தவர்கள்தான், வெளியே தெரியாது. பாட்டு நடத்துகிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள்: ஆராதனையில் எப்போதும் வெற்றிப் பாட்டாகவே போடாதீர்கள். மாதத்தில் ஒரு முறையாவது ஒரு புலம்பல் சங்கீதத்தை வாசிக்கவிடுங்கள். துக்கத்தோடு வந்தவருக்கும் அங்கே ஒரு வரி வேண்டும்.

துக்கத்தில் இருக்கிறவருக்கு நான் என்ன சொல்வது?

யோபுவின் நண்பர்கள் முதல் ஏழு நாள் அவரோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதுவரை அருமையான நண்பர்கள். வாயைத் திறந்து காரணம் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் எல்லாம் கெட்டது. கடைசியில் தேவன் அவர்கள்மேல்தான் கோபப்பட்டார், குமுறித் தீர்த்த யோபுவின்மேல் அல்ல. எனவே போங்கள், உட்காருங்கள், சாப்பாடு கொண்டுபோங்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவாருங்கள். "எல்லாம் நன்மைக்கே" என்ற வசனத்தை முதல் வாரத்தில் எடுக்காதீர்கள். அழுகிறவர்களோடு அழுங்கள் என்பதும் வசனம்தான் (ரோமர் 12:15).

பல வருஷமாக ஜெபித்தும் மாறவில்லை. இன்னும் எப்படி நம்புவது?

பவுல் தன் சரீரத்தில் இருந்த முள் நீங்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டார். முள் நீங்கவில்லை. "என் கிருபை உனக்குப்போதும், பலவீனத்திலே என் பலம் பூரணமாய் விளங்கும்" என்ற பதில் வந்தது (2 கொரிந்தியர் 12:9). அந்த முள் என்ன என்று வேதம் சொல்லவில்லை. அதனால் உங்கள் முள்ளையும் அந்த இடத்தில் வைத்து வாசிக்கலாம். "எப்போது தீரும்" என்பதோடு "இன்றைக்கு எனக்குக் கிருபை தாரும்" என்றும் கேட்கத் தொடங்குங்கள். முதல் கேள்வியை விட்டுவிடச் சொல்லவில்லை. இரண்டாவதற்கு அன்றன்றே பதில் கிடைக்கும் என்கிறேன்.

எங்கிருந்து தொடங்குவது?

ஒரு நாளைக்கு ஒரு சங்கீதம், வாய்விட்டு வாசியுங்கள். குழப்பத்தில் இருந்தால் 13, 42, 77. குற்ற உணர்வில் இருந்தால் 51, 130. பயத்தில் 27, 46, 121. ஒன்றுமே பிடிக்கவில்லை என்றால் 88. இரவில் படுக்கும்போது 4ஆம் சங்கீதம். ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்வது தவறா என்று சிலர் தயங்குகிறார்கள். 136ஆம் சங்கீதத்தில் 26 வசனங்களும் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்றே முடிகின்றன. எண்ணிக்கை நிறைந்தால் பதில் வரும் என்று நினைத்துச் சொல்வதைத்தான் இயேசு தடுத்தார்.

வீட்டில் நான் மட்டும்தான் விசுவாசி. சத்தமாகப் பாட முடியாது.

பிள்ளையில்லாத அன்னாள் ஒரு பிள்ளைக்காக ஆலயத்தில் ஜெபித்தபோது உதடு மட்டும் அசைந்தது, சத்தம் கேட்கவில்லை. ஆசாரியன் ஏலி அவளைக் குடித்திருக்கிறாள் என்றே நினைத்துவிட்டார் (1 சாமுவேல் 1:13). அந்த ஜெபத்துக்குப் பிறகு அவள் எழுந்து போய்ச் சாப்பிட்டாள், முகம் அப்புறம் துக்கமாக இருக்கவில்லை. பிள்ளை பிறந்தது பின்னால்தான். எனவே மனதுக்குள் பாடுங்கள், பேருந்தில் போகும்போது இயர்போனில் கேளுங்கள், ஒரு நோட்டில் எழுதுங்கள். முடிந்தால் உங்களுக்காகப் பெயர் சொல்லி ஜெபிக்கிற ஒருவரையாவது தேடிக்கொள்ளுங்கள். வாரத்தில் ஒரு தரம், பத்து நிமிஷம், போனில் பேசினாலும் போதும்.